‘லாம்’ பிடிக்காதவர்

பேனா மூடியால் காது குடைந்து, அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அதே சிவப்புப் பேனாவால்தான் அவர் என் வாக்கியங்களை வெட்டுவார். வெட்டிய தாளை என் பக்கம் தள்ளும்போது அந்த மூடியும் தாளோடு உருண்டு வரும். நான் நுனியில் பிடித்து வாங்கிக்கொள்வேன். ஏழெட்டு வருடம் அப்படி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. காது அழுக்கு மட்டும் என்றால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.

‘நாளைமறுநாள்’ என்று ஒரு மாத இதழ் காரைக்காலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியர் அவர். வேற்றுக் கிரகம், எந்திர மனிதன், காலப் பயணம் என்று விஞ்ஞானக் கதைகள் வரும். வெளிநாட்டு விஞ்ஞானப் படங்களுக்கு விமர்சனம் வரும், நடுப்பக்கத்தில் விண்கலத்தின் வண்ணப்படம் வரும். தஞ்சாவூர் வரைக்கும் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய இதழ். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பத்திரிகையில் எழுத மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதால் புனைபெயரில் எழுதினேன். சனிக்கிழமை மதியம் அச்சகத்துக்கு மேலே இருந்த அவருடைய அறைக்குப் போய் புரூஃப் பார்த்துக் கொடுத்தேன். பள்ளியில் யாருக்கும் இது தெரியாது.

படங்களை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லை. குறுந்தகட்டைப் போட்டு ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். வெடி வெடிக்கிற இடம் வந்தால் நிறுத்துவார், முத்தம் வந்தாலும் நிறுத்துவார். பிறகு என்னிடம், “கதைய நீங்க சொல்லுங்க டீச்சர், நான் எழுதிக்கறேன்” என்பார். அதைக்கூட மன்னிக்கலாம். தமிழில் அவருக்கு ஆகாத விகுதி ஒன்று இருந்தது. அது ‘லாம்’. வரலாம், நடக்கலாம், இருக்கலாம் என்று எங்கே கண்டாலும் அதன் வாலை நறுக்கிவிடுவார். ‘செவ்வாயில் நீர் இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தால் ‘செவ்வாயில் நீர் இருக்கிறது’ என்று அச்சாகும்.

“லாம் போட்டா லாபம் இல்ல டீச்சர்” என்பார். இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்ப்பார்.

“விஞ்ஞானத்துல அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க ஸார். தெரியாதத தெரியலேன்னுதான் சொல்லணும்.”

“தெரியலேங்கறத அவன் வீட்லயே வச்சிருக்கான். அத எதுக்குக் காசு குடுத்து என்கிட்ட வாங்கணும்?”

அச்சில் மட்டும் என்றில்லை. ஒருமுறை ஓட்டலில் அவரோடும் அவர் மனைவியோடும் சாப்பிட உட்கார்ந்தேன். சர்வர் வந்து, “இட்லி இருக்கலாம் ஸார், பாத்துட்டு வரேன்” என்றான். இவர் எழுந்து நின்றுவிட்டார். “இருக்கா, இல்லையா? இருக்கலாம்னா எத திங்கறது?” என்று கத்தி, கை கழுவிக்கொண்டு வெளியே போனார். இட்லி இருந்தது. நானும் அவர் மனைவியும் சாப்பிட்டோம். “வீட்லயும் இப்படித்தான் டீச்சரம்மா. மழ வரலாம், துணிய எடுத்துடறேன்னு சொல்லிட முடியாது. வருமா வராதான்னு என்னையப் புடிச்சு உலுக்குவாரு” என்றார் அந்த அம்மாள். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இதழின் விற்பனை தூக்கிக்கொண்டு போனதும் ஒரு லாமால்தான். சனிக் கோளுக்குப் பயணம் போகிற படம் ஒன்று வந்திருந்தது. அதையொட்டி நான் ஒரு கட்டுரை எழுதினேன். ‘பல கோடி ஆண்டுகளில் சனியின் வளையங்கள் விலகிப்போகலாம்’ என்று அதில் ஒரு வரி. அவர் பல கோடி ஆண்டுகளை வெட்டினார். லாமை வெட்டினார். அட்டையில் ‘சனியின் வளையம் விலகும்!’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டார். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடக்கிற மாதம் அது. இதழ்க் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றித் தானே கொண்டுபோய் எள் விளக்கு விற்கிற கடைகளில் வைத்தார்.

நளன் குளத்தில் குளித்துவிட்டுத் தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தவர்கள் விளக்கு, கறுப்புத் துணி, ‘நாளைமறுநாள்’ என்று சேர்த்து வாங்கிப் போனார்கள். சிலர் அதை அர்ச்சனைத் தட்டிலேயே வைத்தார்களாம். இதழை மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. “ஏழரைச் சனி புடிச்சவன் பூரா நம்ம வாசகன்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏமாந்த ஜனங்கள் எங்கிருந்தோ பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

முகம் தெரிந்தவர் ஒருவர் என் பள்ளியிலேயே இருந்தார். அஞ்சலை. வகுப்பறைகளைத் திறந்து பெருக்கி, மணி அடிக்கிறவர். கிளிஞ்சல்மேடு என்கிற மீனவ ஊர்க்காரர். சுனாமியில் மூத்த மகளைக் கொடுத்தவர். இளையவள் கயல்விழி என் வகுப்பில் பன்னிரண்டாவது படித்தாள். இயற்பியல் நோட்டுக்குள் ‘நாளைமறுநாள்’ வைத்துப் படித்து என்னிடமே மாட்டிக்கொண்டவள். பிடுங்கியபோது, “டீச்சர், ஒளிய விட வேகமா போனா நேத்துக்குப் போயிடலாமா?” என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். போக முடியாது என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. இதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடலோரத்தில் ஒரு பெண் இப்படி ஒரு கேள்வி கேட்க அவருடைய இதழும் ஒரு காரணம்.

அந்த வருடம்தான் நான் அந்தக் கதையை எழுதினேன். ஒரு மீனவ ஊரில் கடல் மறுபடி வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்புகிறது. ஊரே மேட்டுச் சாலையில் போய் உட்கார்ந்து பகல் முழுக்கக் காத்திருக்கிறது. அலை வரவில்லை. சாயங்காலம் ஒவ்வொருவராக எழுந்து போய்ப் படகைத் தள்ளுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ‘கடல் மீண்டும் வரலாம்’ என்று தலைப்பு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை புரூஃப் என் முன்னால் கிடந்தது. ‘சிறுகதை’ என்ற சொல் இல்லை. கட்டுரைப் பக்கத்துக்குப் போயிருந்தது. என் புனைபெயருக்குப் பதிலாக ‘ஒரு கடலாராய்ச்சி அறிஞர்’ என்று இருந்தது. கடைசிப் பக்கம், அலை வராமல் ஊர் எழுந்து போய்ப் படகைத் தள்ளுகிற பக்கம், அப்படியே காணவில்லை. தலைப்பு ‘கடல் மீண்டும் வரும்’.

“வராத அலைய எவன் ஸார், சே, எவன் டீச்சர் வாங்குவான்?” என்றார். வாய் குழறும் அளவுக்கு அவருக்கு உற்சாகம். “அட்டைப்படம் உங்களுக்குத்தான் இந்த மாசம்.”

அட்டைப்படம். அதுவரை என் எழுத்து அட்டைக்கு வந்ததில்லை. சனி இதழில்கூட அட்டையில் இருந்தது கோளும் அவர் போட்ட வரியும்தான், என் கட்டுரையின் தலைப்பு இல்லை. நான் அந்த புரூஃபில் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். வேறு ஒன்றும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவரைப் பற்றி என்ன எழுதினாலும் இந்த வரியை நான் தாண்டிப் போக முடியாது.

இதழ் வந்த வாரம் அஞ்சலை ஆசிரியர் அறைக்கு வந்தார். புடவை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து என் மேஜையில் விரித்தார்.

“டீச்சர், கடலு மறுபடி வரும்னு போட்டுருக்காம்ல. கயலு படிச்சுக் காட்டுச்சு. கத மாதிரி இருக்குங்குது. கதன்னா கதன்னு போட்டுருப்பாங்கல்ல?”

“அதெல்லாம் சும்மா அஞ்சலை. நம்பாதீங்க.”

“கடலாராய்ச்சி பண்றவரு எழுதிருக்காரே டீச்சர்.”

எதிர் மேஜையில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். எழுதியது நான்தான் என்று சொன்னால் அனுமதியில்லாமல் எழுதியதும் வெளியே வரும். “சும்மாதான்” என்று மறுபடி சொன்னேன். அஞ்சலை இதழை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு மணி அடிக்கப் போனார்.

பரீட்சை முடிந்தது. கயல் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கல்லூரி விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்து வைத்திருந்தேன். கையெழுத்துப் போட அவள் வரவில்லை. விசாரித்தால் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளை அரியலூருக்கு அந்தப் பக்கம். அவளை விடப் பதினைந்து வயது மூத்தவர். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். அஞ்சலை கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். அந்த ஊரிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

அன்றைக்கு நான் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். வாசலிலேயே அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அது கதை, அறிஞர் யாரும் இல்லை, எழுதினது நான், கடைசியில் அலை வரவில்லை என்றுதான் எழுதினேன், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போயிருந்தேன். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் எழுதுனீங்களா டீச்சர்?”

“ஆமா.”

“அப்ப நெசமாத்தான் இருக்கும்” என்றார். “வேற ஆரும்னாகூட நான் ரோசன பண்ணிருப்பேன். நீங்க பொய்யி எழுதுவீங்களா?”

கதவுக்குப் பின்னால் நின்ற கயல் வெளியே வந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. “டீச்சர், நீங்க அம்மாகிட்ட ‘வராது’ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்” என்றாள்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் இயற்பியல் டீச்சர். கடலுக்கு அடியில் எப்போது நிலம் நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று அதே பெண்ணுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள். “அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா” என்று ஆரம்பித்தேன். “நூறு வருஷம் கழிச்சு வரலாம், வராமலேயும் இருக்கலாம்...”

“பாத்தியாடி?” என்றார் அஞ்சலை மகளிடம். “டீச்சரே வரலாம்ங்குறாங்க.”

கயல் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் காது குடைந்துகொண்டே கேட்டார். “அந்தப் பொண்ணு நல்லாத்தான இருக்கு? கல்யாணம் ஆகுறது ஒரு குத்தமா? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?” என்றார். பிறகு மூடியைத் துடைத்துவிட்டு, “சரி, நீங்க போயிப் பாத்தீங்களே, லாம் போட்டுப் பேசிப் பாத்தீங்களே, அந்தம்மா நம்புச்சா?” என்று கேட்டார். அப்போது அந்த முகத்தில் வெற்றி இருந்தது. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

அன்றோடு அந்தப் படி ஏறவில்லை என்று எழுத ஆசைதான். ஏறினேன். அடுத்த இரண்டு வருடமும் ஏறினேன். அதற்குள் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. படங்களைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். விமர்சனத்துக்கு ஆள் இல்லை. இதழ் இளைக்க இளைக்க அட்டையின் சத்தம் கூடியது. உலகம் அழியும், மூன்றாம் கண் திறக்கும், நம் முன்னோர் நிலாவுக்குப் போனார்கள். கதைகள் ஒவ்வொன்றாக நின்றன. ராசிக்கல் வந்தது. தாள் மளிகைக்கடைப் பொட்டலத் தாளாயிற்று. ஒரு மாதம் என் கட்டுரைக்கு நேர் கீழே, ஆண்மைக்குறைவுக்கு மருந்து தரும் லாட்ஜ் டாக்டரின் விளம்பரம் வந்தது. மீசையோடு போட்டோ, அறை எண், எந்தத் தேதியில் எந்த ஊர் என்று எல்லாம் இருந்தது. அன்றோடு அங்கே போகாமல் நின்றுவிட்டேன். கயலுக்காக நிற்காதவள், லாட்ஜ் டாக்டருக்காக நின்றேன்.

இதழ் அதற்குப் பிறகு அதிக நாள் வரவில்லை. அவர் அதே பெயரில் யூடியூபில் பேச ஆரம்பித்தார். சென்ற வருடம் பேருந்தில் முன் சீட்டில் இருந்தவர் போனில் அந்தக் குரல் கேட்டது. வரும், நடக்கும், மூழ்கும், அழியும். நான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அஞ்சலை ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருவார், நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டு. “எம்பொண்ணு அங்க உசுரோட, பயமில்லாம இருக்குன்னா உங்களாலதான் டீச்சர்” என்பார். மறுத்துப் பார்த்திருக்கிறேன். கோபித்துக்கொள்கிறார். இப்போதெல்லாம் வாங்கிக்கொள்கிறேன். வறுத்துச் சாப்பிடவும் செய்கிறேன்.

போன மாங்கனித் திருவிழாவில் கயலைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள். கூட்டத்தில் மாடிகளிலிருந்து வீசுகிற மாம்பழத்தைப் பிடிக்க எம்பிக்கொண்டிருந்த மகனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். நலம் விசாரித்தாள். சிரித்தபடி, “அலை வந்துச்சா டீச்சர்?” என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற சிரிப்பாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விளையாட்டாகத்தான் கேட்டாள். பையன் இழுக்கவும் போய்விட்டாள்.

சென்ற மாதம் அவர் மனைவி போன் செய்தார். பக்கவாதம், வலது கை விளங்கவில்லை, உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். போகக்கூடாது என்று இரண்டு நாள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் போனேன். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எச்சில் துடைக்க மடியில் ஒரு துண்டு. காதில் பஞ்சு.

“டாக்டர் என்ன சொல்றாரு?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

“கை திரும்ப வரலாம்ங்கறான்” என்றார். இழுத்த வாயோடு அதைத் துப்புகிற மாதிரி சொன்னார். “லாமாம்! இவனுக்குப் பீசு!”

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன். காபி போடச் சொல்லி மனைவியை அனுப்பிவிட்டு, “அந்தக் கிளிஞ்சமேட்டுப் பொண்ணு... ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு டீச்சர்” என்றார். “மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

மன்னிக்க வேண்டியவள் நான் இல்லை, அரியலூருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது அழுகையா, அந்தப் பக்கத்து இமை மூடாததால் வருவதா என்று தெரியவில்லை. இந்த மனிதரிடம் கடைசிவரைக்கும் எதையும் நம்ப முடியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

“மன்னிக்கலாம் ஸார்” என்றேன்.

அவர் இடது கை துண்டின் மேலிருந்து மெல்ல எழும்பியது. ஆட்காட்டி விரல் காற்றில் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. எத்தனையோ சனிக்கிழமைகளில் பார்த்த அதே கோடு.

“இந்தாடி,” என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “டீச்சர் என்னைய மன்னிச்சிட்டாங்கடி.”

அந்த அம்மாள் காபித் தம்ளரோடு ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் காபியை வாங்கிக் குடித்தேன். முழுவதும் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். கிளிஞ்சல்மேட்டு வாசலில் நின்று, வராது என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.